டென்னசியும் ஃபிராங்கும்: விடுமுறை முடிந்தும் முடியாத கதை

இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் நாவல்களில் அலுக்காத வாய்பாடு ஒன்று உண்டு. ஒருவர் வாயைத் திறக்கவே யோசிக்கிற ஆள். இன்னொருவர் மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிறவர். ஒருவருக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். மற்றவர் கழற்றிய சட்டையைக் கழற்றிய இடத்திலேயே விட்டுப் போகிறவர். இந்த இரண்டு பேரையும் ஊர் உலகத்துக்கு வெகு தொலைவில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் ஆசிரியர் கொண்டுபோய் இறக்குவார். மழை பிடித்துக்கொள்ளும், படகு வராது, காலியாக இருப்பது ஒரே அறை. மீதி உங்களுக்கே தெரியும். மின்னூல் வந்த பிறகு இந்த வகைக் கதைகள் அமெரிக்காவில் சக்கைப்போடு போடுகின்றன. வாசகர்களில் பெண்களும் ஏராளம்.

வாய்பாடு என்பதற்காக அதை மட்டம் தட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் அறையைக் காலி செய்யும் நாளோடு கதையும் முடிந்துவிடும். அதற்கப்புறம் மின்கட்டணம் யார் கட்டினார்கள், தாத்தாவுக்கு யார் சோறு போட்டார்கள், ஒருவர் புகழின் உச்சியில் இருக்கும்போது மற்றவர் பகலெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எந்த நாவலும் மெனக்கெட்டுச் சொல்வதில்லை.

நிஜத்தில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. நிலத்தின் கோடியில் இருந்த ஒரு கோடைவாச ஊரில் சந்தித்து, நாட்டின் இன்னொரு கோடியில் இருந்த தீவில் வீடு பிடித்து, சுமார் பதினான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஒருவர் நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ். இன்னொருவர் ஃபிராங்க் மெர்லோ.

வில்லியம்ஸை ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்கு ஓர் அடையாளம்: கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் மார்லன் பிராண்டோ கிழிந்த பனியனோடு மாடியைப் பார்த்து மனைவி பெயரைச் சொல்லி அலறுவாரே, அந்த 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசயர்' இவர் எழுதியதுதான். மெர்லோவை அறிமுகப்படுத்துவதுதான் கஷ்டம். அவர் பெயரில் புத்தகம் இல்லை, படம் இல்லை, பட்டம் இல்லை. நியூஜெர்சியில் சிசிலியிலிருந்து குடியேறிய ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். குள்ளமான, முறுக்கேறிய உடம்பு. முன்பற்கள் கொஞ்சம் பெரிது. அதனால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'குட்டிக் குதிரை'.

சந்தித்த இடம் பிராவின்ஸ்டவுன். வரைபடத்தில் பார்த்தால் மசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து கேப் காட் என்ற நிலப்பகுதி மடக்கிய கைபோலக் கடலுக்குள் நீண்டிருக்கும். அந்தக் கையின் முஷ்டியில் இருக்கிறது ஊர். பாஸ்டனிலிருந்து தரைவழியாக 115 மைல் போல வரும். அதற்கு மேல் சாலை கிடையாது. மணற்குன்று, அப்புறம் அட்லாண்டிக் கடல். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்த பியூரிட்டன்கள் பிளிமத் போவதற்கு முன்னால் முதலில் நங்கூரம் போட்டது இங்கேதான். கடுமையான ஒழுக்கவாதிகள் கால் வைத்த ஊர், முன்னூறு வருடம் கழித்து யாருடைய ஒழுக்கத்தையும் துருவாத ஊராகப் பெயர் வாங்கியது. வரலாற்றுக்கும் குசும்பு உண்டு.

அது சும்மா நடந்துவிடவில்லை. திமிங்கில வேட்டையும், அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியர்களின் மீன்பிடிப்பும்தான் ஊரின் பிழைப்பு. 1899-ல் சார்ல்ஸ் ஹாதோர்ன் என்ற ஓவியர் அங்கே கோடைக்கால ஓவியப் பள்ளி தொடங்கினார். 1916-ல் மீன் இறக்கும் துறையில் இருந்த ஒரு மரக்கொட்டகையில் யூஜின் ஓ'நீலின் நாடகம் முதல் தடவையாக மேடை ஏறியது. கடல் வருமானம் சுருங்கச் சுருங்க, கோடையில் அறை வாடகைக்கு விடுவதே தொழிலானது. வாடகை தருகிறவர் யாரோடு தங்குகிறார் என்று துருவினால் அந்தத் தொழில் நடக்காது. சகிப்புத்தன்மை என்று இன்று நாம் பெரிதாகச் சொல்வதில் பாதி, அன்றைக்கு வீட்டுக்காரம்மாக்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது. மீதிப் பாதி எப்போதும் உறுதியாக இருந்ததும் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் ஊர் நிர்வாகமே தன்பாலின ஈர்ப்பாளர்களை ஊரைவிட்டு விலக்கி வைக்கச் சொல்லி 'கண்ணியமானவர்களுக்கு' வேண்டுகோள் விடுத்தது.

வில்லியம்ஸுக்கு அந்த ஊர் புதிதல்ல. 1940 கோடையில் அங்கே கிப் கியர்னன் என்ற கனடா நாட்டு நடனக்காரர் மேல் காதல் கொண்டு, சில வாரங்களில் கைவிடப்பட்டு, மனம் ஆறாமல் மெக்சிகோவுக்குக் கிளம்பிப் போனவர். அகபுல்கோ பக்கம் மலைச்சரிவில் இருந்த ஒரு மலிவான ஓட்டலில் அப்போது தங்கினார். அந்த ஓட்டல்தான் இருபது வருடம் கழித்து 'தி நைட் ஆஃப் தி இகுவானா' நாடகத்தின் களமானது. தொலைதூர ஓட்டல், ஒட்டவே ஒட்டாத இரண்டு பேர், ஒரே இரவு: வாய்பாடு அவருக்கும் தெரியும். அந்த இரண்டு பேரும் பிரிந்து போவதாக முடித்ததில்தான் அவர் வேறுபட்டார்.

1947 கோடைக்கு வருவோம். வில்லியம்ஸுக்கு 36 வயது. 'தி கிளாஸ் மினாஜெரி' வென்று இரண்டு வருடம் ஆகிறது, 'ஸ்ட்ரீட்கார்' அரங்கேறப் போகிறது. ஸ்டான்லி பாத்திரத்துக்கு நடிகர் அமையவில்லை. இயக்குநர் எலியா கசான், பிராண்டோ என்ற 23 வயதுப் பையனிடம் இருபது டாலர் கொடுத்து, பிராவின்ஸ்டவுன் போய் ஆசிரியரிடம் வசனம் வாசித்துக் காட்டச் சொன்னார். பையன் காசைச் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டு, வழியில் வண்டிகளை மறித்து ஏறிக்கொண்டு, சொன்ன நாளுக்குப் பல நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். வில்லியம்ஸின் குடிலில் மின்சாரம் இல்லை, கழிவறை அடைத்துக் கிடந்தது. பிராண்டோ முதலில் ஃப்யூஸைப் போட்டார், குழாயைச் சரி செய்தார், பிறகுதான் உட்கார்ந்து வாசித்தார். வேடம் கிடைத்துவிட்டது. நாடக வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை இது. அதே கோடையில் நடந்த இன்னொரு சந்திப்பைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை.

அட்லாண்டிக் ஹவுஸ் என்று அந்த ஊரில் ஒரு பழைய மதுக்கூடம். இன்றும் இருக்கிறது. கோடை இரவுகளில் ஜாஸ் பாட்டு நடக்கும். அங்கே வராந்தாவில் நின்றிருந்த மெர்லோவிடம் வில்லியம்ஸ் பேச்சுக் கொடுத்தார். இருவரும் மணற்குன்றுப் பக்கம் போனார்கள். ஓர் இரவு, அவ்வளவுதான். அப்போது வில்லியம்ஸோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர் பாஞ்சோ ரோட்ரிகெஸ், கோபக்காரர். விஷயம் தெரிந்து காரை மேலே ஏற்றவே பார்த்தார் என்று வில்லியம்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கோடை முடிந்தது. அவரவர் ஊருக்கு அவரவர் போனார்கள். வழக்கமான நாவலாக இருந்தால் இங்கே ஓர் அத்தியாயம் பிரிவுத் துயரம் வந்திருக்கும். நிஜத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை.

1948 இலையுதிர் காலம், நியூயார்க். 'ஸ்ட்ரீட்கார்' புலிட்சர் பரிசு வாங்கி, ஊரெல்லாம் வில்லியம்ஸ் பேச்சு. ஒருநாள் இரவு லெக்சிங்டன் அவென்யூவில் நடந்து போகையில், ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் மெர்லோ தன் கடற்படை நண்பரோடு நிற்பதைப் பார்க்கிறார். உள்ளே போய், இத்தனை நாளாக ஏன் ஒரு தகவலும் இல்லை என்று கேட்கிறார். மெர்லோ சொன்ன பதில்தான் அவருடைய குணம். நாடகம் ஓஹோவென்று ஓடுகிறது. இந்த நேரத்தில் வந்து நின்றால் புகழில் பங்கு கேட்டு வந்தவன் மாதிரி இருக்கும், அதனால்தான் வரவில்லை என்றார். நாடகத்தை மட்டும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டாராம். கடையில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு மூன்று பேரும் வில்லியம்ஸின் வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் மெர்லோ பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

எதிரெதிர் துருவம் என்று சும்மா சொல்லவில்லை. வில்லியம்ஸ் மிசிசிப்பியில் பிறந்து, பாதிரியாரான தாத்தா வீட்டில் வளர்ந்தவர். தெற்கத்திய மரியாதை, கூச்சம், சம்பந்தமில்லாத இடத்தில் வெடிக்கும் சிரிப்பு. இதயம் இந்த நிமிடம் நின்றுவிடும் என்கிற பயம் ஆயுள் முழுக்க இருந்தது. ஒரு கண்ணில் புரை. பணம் எங்கே போகிறது என்று தெரியாது. மனநோய் கண்ட அக்கா ரோஸுக்கு 1943-ல் மூளை அறுவைச் சிகிச்சை செய்து அவரை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். தனக்கும் அந்தப் பைத்தியம் வரும் என்று உள்ளுக்குள் நடுக்கம். மெர்லோ பத்து வயதுக்கு மேல் இளையவர். பெரிய கத்தோலிக்கக் குடும்பம், சத்தமான வீடு, கைக்குக் கிடைத்த வேலையைச் செய்து வளர்ந்த உடம்பு. பொய் பேச வராது. நாடகம் நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்பார். படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் புத்தகம் நிறைய வாசிப்பார். போன இடத்தில் அரை மணி நேரத்தில் நான்கு பேரைச் சிநேகிதம் பிடித்துவிடுவார்.

வில்லியம்ஸுக்குக் கிடைத்தது காதலன் மட்டும் அல்ல, ஒரு நடைமுறை வாழ்க்கை. கார் ஓட்டியது, சமைத்தது, பெட்டி கட்டியது, கப்பல் டிக்கெட் எடுத்தது, வேண்டாத விருந்தாளிகளை வாசலோடு அனுப்பியது, ராத்திரி பயம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் மெர்லோ. விடிந்ததும் கறுப்புக் காப்பியோடு தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் மதியம் வரை வில்லியம்ஸை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. யாரும் செய்யாமல் பார்த்துக்கொண்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் குடித்தனம் போட்ட இடம் கீ வெஸ்ட். அமெரிக்காவின் தென்கோடி, ஃப்ளோரிடாவிலிருந்து கடலுக்குள் மணிமணியாய்க் கோத்த தீவுகளில் கடைசியாக வருவது. கியூபா 90 மைல்தான், மயாமி அதைவிடத் தூரம். 1912-ல் கடல் மேல் போட்ட ரயில் பாதையை 1935 சூறாவளி தூக்கிப் போட்டது. 1938-ல்தான் சாலை வந்தது. பொருளாதார நெருக்கடியில் ஊராட்சி கையில் காசே இல்லாமல் போக, அரசு அனுப்பிய அதிகாரிகள் சுற்றுலாவை வைத்து ஊரை மீட்க முயன்றார்கள். ஹெமிங்வே 1930-களில் இங்கே வாழ்ந்தார். பிராவின்ஸ்டவுனைப் போலவே மீன்காரர்கள், கடற்படைக்காரர்கள், காசில்லாத கலைஞர்கள், வாடகைக்கு அறை. சாலை முடிகிற இடத்தில்தான் இவர்களுக்கு ஊர் அமைந்தது என்பது தற்செயல் அல்ல.

டன்கன் தெருவில் 1431-ம் எண் வீடு. மரத்தால் கட்டிய சின்ன வெள்ளை வீடு, சிவப்புச் சன்னல் கதவுகள். பின்னால் எழுதுவதற்கென்று தனியாக ஓர் அறை. வில்லியம்ஸ் உலகத்தில் பல ஊரில் ஓட்டலில் கிடந்தவர். கடைசிவரை சொந்தமாக வைத்திருந்த வீடு இது.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அம்மா வழித் தாத்தா, ரெவரெண்ட் வால்டர் டேக்கின். எபிஸ்கோப்பல் சபைப் பாதிரியார், தொண்ணூறைத் தாண்டியவர், கண் ஏறக்குறைய தெரியாது. குளிர்காலங்களில் பேரனோடு வந்து தங்குவார். அவரைக் கைபிடித்து அழைத்துப் போனதும், கூட உட்கார்ந்து பேசியதும் பெரும்பாலும் மெர்லோதான். பேரனும் இந்தச் சிசிலிப் பையனும் என்ன உறவு என்று அந்த முதியவர் கேட்டதாகவோ கண்டித்ததாகவோ எங்கேயும் பதிவில்லை. 1955-ல் 97 வயதில் அவர் காலமானார். 1950-களில் ஒரு பாதிரியார், பேரன், பேரனின் ஆண் துணை மூவரும் ஒரே மேஜையில் சாப்பிட்ட வீடு அமெரிக்காவில் எத்தனை இருந்திருக்கும்?

கேள்வி சும்மா இல்லை. வெளியே காலம் அப்படி. அன்றைய ஃப்ளோரிடா சட்டத்தில் இந்த உறவுக்கு 20 வருடம் வரை சிறை உண்டு. 1950 பிப்ரவரியில், வெளியுறவுத் துறையிலிருந்து 91 தன்பாலின ஈர்ப்பாளர்களை வெளியேற்றியிருப்பதாக ஓர் அதிகாரி செனட் குழுவின் முன் சொன்னார். நாடு முழுக்க வேட்டை சூடு பிடித்தது. 1953-ல் ஜனாதிபதி ஐசனோவரின் நிர்வாக ஆணை வந்து அதைச் சட்டபூர்வமாக்கியது. 1956-ல் ஃப்ளோரிடா சட்டமன்றம் அமைத்த ஜான்ஸ் கமிட்டி பிற்பாடு பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் தனியறையில் விசாரித்து, வேலையையும் படிப்பையும் பறித்தது; 1965 வரை அது ஓயவில்லை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஜனாதிபதி ட்ரூமன் ஓய்வெடுக்க வந்ததும் கீ வெஸ்டுக்குத்தான். 1946-க்கும் 1952-க்கும் இடையில் பதினொரு தடவை, மொத்தம் 175 நாள். அந்த 91 பேரை வேலையைவிட்டு அனுப்பிய அரசின் தலைவர் பூப்போட்ட சட்டையில் காலை நடை போன அதே குட்டித் தீவில்தான் டன்கன் தெரு வீடும் இருந்தது.

மெர்லோ வில்லியம்ஸுக்குக் கொடுத்த பெரிய சீதனம் சிசிலி. 1948 இறுதியில் இருவரும் எழுத்தாளர் பால் போல்ஸோடு கப்பல் ஏறினார்கள். வட ஆப்பிரிக்கா, அப்புறம் ரோம். மெர்லோவுக்கு இத்தாலி அந்நிய நாடு அல்ல. பேச்சு தெரியும், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதுவரை வில்லியம்ஸ் எழுதியதெல்லாம் வாடிப்போகும் தெற்கத்திய வீடுகள், உடைந்த பெண்கள், போனால் வராத சந்தோஷம். மெர்லோவின் சொந்தக்காரர்களோடு பழகிய பிறகு வேறொன்று எழுதினார்: 'தி ரோஸ் டாட்டூ'. கணவன் இறந்து துக்கத்தில் கதவடைத்துக் கிடக்கும் சிசிலித் தையற்காரி செரஃபினா. வாழைப்பழ லாரி ஓட்டிக்கொண்டு, கோமாளித்தனமும் கண்ணீருமாக வந்து சேரும் அல்வாரோ. கடைசியில் கதவு திறக்கிறது. அவருடைய பெரிய நாடகங்களில் சிரித்துக்கொண்டே வெளியே வரக்கூடியது இதுதான். அல்வாரோவின் குடும்பப் பெயருக்குள் இத்தாலிய மொழியில் ஒரு குதிரையையும் ஒளித்து வைத்தார். 'குட்டிக் குதிரை' யார் என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். 1951-ல் பிராட்வேயில் ஏறிய இந்த நாடகம் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது வாங்கியது. சிசிலியைத் தந்ததற்குக் கைம்மாறாக என்று சொல்லி, ஃபிராங்குக்குத்தான் அதைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

செரஃபினாவாக நடிக்க அவர் மனதில் இருந்தவர் ரோமின் அன்னா மக்னானி. ஆங்கிலம் போதாது என்று அவர் மேடைக்கு வர மறுத்துவிட்டார், படத்துக்குச் சம்மதித்தார். படம் எங்கே எடுத்தார்கள் தெரியுமா? கீ வெஸ்டில், டன்கன் தெருவில், வில்லியம்ஸ் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில். ஆக, மெர்லோவின் ஆட்களைப் பார்த்து எழுதிய கதை, மெர்லோவின் வாசலுக்கே திரும்பி வந்து படமானது. மதுக்கூடக் காட்சி ஒன்றில் வில்லியம்ஸும் தலை காட்டுகிறார். அந்த வேடத்துக்காக மக்னானிக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இதெல்லாம் வெளிச்சம் பட்ட பக்கம். மறுபக்கத்துக்கு ஒரு சாப்பாட்டு மேஜைக் கதையே போதும். ஹாலிவுட் முதலாளி ஜாக் வார்னரோடு விருந்து. மேஜையைச் சுற்றி எல்லோரும் பெயர் பெற்றவர்கள். வார்னர் மெர்லோ பக்கம் திரும்பி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மெர்லோ கண் இமைக்காமல், வில்லியம்ஸோடு படுக்கிறேன் என்றார். இந்தக் கதையை எல்லோரும் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். துணிச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதிலில் வேறொன்றும் இருக்கிறது. பல வருடம் ஒருவனுடைய வீட்டை, பயத்தை, பயணத்தை, பாட்டனைச் சுமந்தவனுக்கு, அந்த மேஜையில் சொல்லிக்கொள்ள வேறு தொழில் இல்லை. மெர்லோ செய்ததற்கு ஒரு பெண் செய்திருந்தால் 'மனைவி' என்று பெயர் இருந்திருக்கும். அதற்கே மரியாதை குறைவு. இவருக்கு அந்தப் பெயரும் இல்லை. காகிதங்களில் போடுவதற்குக் 'காரியதரிசி' என்ற பட்டம்தான் இருந்தது. 'ரோஸ் டாட்டூ' வருமானத்தில் வில்லியம்ஸ் அவருக்கு ஒரு பங்கு எழுதி வைத்தார். பணத்துக்கு அப்புறம் பஞ்சமில்லை. பகல் நேரத்துக்குத்தான் பஞ்சம்.

நாடகத்தில் வில்லியம்ஸால் இதை நேரடியாக எழுத முடிந்ததா? 1955-ல் வந்த 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' நாடகத்தைப் படித்தால் ஓர் ஓரத்தில் இவர்கள் இருப்பார்கள். கதை நடக்கும் அந்தப் பண்ணை வீட்டின் பழைய சொந்தக்காரர்கள் ஜாக் ஸ்ட்ராவும் பீட்டர் ஒச்செல்லோவும், ஆயுள் முழுக்க ஒரே அறையில் வாழ்ந்த இரண்டு பிரம்மச்சாரிகள். அவர்களுடைய அன்பின் சாயல் அந்த அறையில் இன்னும் இருக்க வேண்டும் என்று அரங்க அமைப்பாளருக்கே குறிப்பு எழுதி வைக்கிறார். கவனியுங்கள்: அவருடைய முக்கிய நாடகங்களில் ஒழுங்காகக் குடித்தனம் நடத்திய ஆண் ஜோடி இது ஒன்றுதான். திரை விலகும்போதே இருவரும் செத்துப்போயிருக்கிறார்கள். 1958-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது அந்த இரண்டு பிணங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. தணிக்கை விதி அப்படி.

1957-ல் ஒரு நாடகம் தோற்றது, அப்பாவும் இறந்தார். வில்லியம்ஸ் நியூயார்க்கின் பெயர்பெற்ற மனோதத்துவ நிபுணர் லாரன்ஸ் கூபியிடம் போனார். கூபி சொன்ன வைத்தியம் இரண்டு: கொஞ்ச காலம் எழுதாதே, மெர்லோவை விட்டு விலகு. அந்தக் காலத்து மனோதத்துவம் தன்பாலின ஈர்ப்பை நோய் என்றே நம்பியது. வில்லியம்ஸ் எழுதுவதை நிறுத்தவில்லை. மெர்லோவை விடவும் மறுத்து, நிபுணரைத்தான் விட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, எல்லாம் சுபம் என்று முடித்தால் பொய்யாகிவிடும். முதலில் ஈர்த்த அதே குணங்கள்தான் பின்னால் குத்தின. மெர்லோவின் நேர்மை, புகழுக்குப் பழகிய காதுக்குக் கசந்தது. மெர்லோவின் பொறுப்பு, கண்காணிப்பு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பணத்துக்காகத்தான் கூட இருக்கிறானோ என்ற சந்தேகம் வேறு. பணம் இருக்கும்போது வந்து நிற்கக் கூடாது என்று ஒரு வருடம் ஒதுங்கி இருந்தவன் மேல் இப்படி ஒரு சந்தேகம்! வில்லியம்ஸுக்கு மற்ற ஆண்கள்; மெர்லோவும் சும்மா இருக்கவில்லை. குடி, தூக்க மாத்திரை, 1960-களின் தொடக்கத்தில் ஒரு 'நட்சத்திர' டாக்டர் போட்ட உற்சாக ஊசி. ஒரு சண்டையில் மெர்லோ சமைத்து வைத்திருந்த இறைச்சியையே வில்லியம்ஸின் தலைக்குக் குறிவைத்து வீசினார். சமைத்தவனுக்கு அதுதான் ஆயுதம். 1962 வாக்கில் இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, மெர்லோவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். வில்லியம்ஸ் திரும்பி வந்து நியூயார்க்கிலும் கீ வெஸ்டிலும் கூடவே இருந்தார். பதினான்கு வருடம் பார்த்துக்கொண்டவரைப் பார்த்துக்கொள்ளும் முறை இப்போது இவருக்கு. பழக்கமில்லாத வேலை, தடுமாறித்தான் செய்தார். கடைசி நாட்களில் மருத்துவமனையில், நான் போய்விடட்டுமா, ஓய்வெடுக்கிறாயா என்று கேட்டபோது, வேண்டாம், உன்னோடு பழகிப்போய்விட்டது என்பதாக மெர்லோ பதில் சொன்னார். 1963 செப்டம்பரில் இறந்தார். வயது நாற்பதை ஒட்டித்தான்.

வில்லியம்ஸ் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் வாழ்ந்தார். தினமும் எழுதினார். 1969-ல் மெர்லோவின் மதமான கத்தோலிக்கத்துக்கு கீ வெஸ்ட் தேவாலயத்தில் மாறினார். அதே வருடம் தம்பி அவரை செயின்ட் லூயிஸ் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தார். 1970-ல் தொலைக்காட்சியில் தன்னைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார், 1975-ல் நினைவுக் குறிப்புகளில் மெர்லோவைப் பற்றி எழுதினார். 1983-ல் நியூயார்க் ஓட்டல் அறை ஒன்றில் இறந்தார். 1961-ன் 'இகுவானா'வுக்குப் பிறகு பிராட்வேயில் அவருக்கு ஒரு பெரிய வெற்றிகூட இல்லை.

மெர்லோ போனதால்தான் எழுத்து போயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. அவ்வளவு எளிதல்ல. நாடக ரசனை மாறியது, விமர்சகர்கள் வெறுப்போடு எழுதினார்கள், மருந்து மூளையைத் தின்றது. ஆனால் ஒரு கணக்கை யாரும் மறுக்க முடியாது. 'ரோஸ் டாட்டூ', 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்', 'சடன்லி லாஸ்ட் சம்மர்', 'ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்', 'இகுவானா' எல்லாம் அந்த வீட்டில் மெர்லோ இருந்த வருடங்களில் வந்தவை. எதிர்த் துருவங்கள் ஈர்க்கும் என்பது முதல் கோடைக்கு மட்டும் சரி. பதினான்கு வருடத்துக்கு ஓட்டியது ஈர்ப்பு அல்ல, ஒருவருடைய அன்றாட உழைப்பு. அதற்கான விலையையும் அவரேதான் அதிகம் கொடுத்தார்.

நாவலாசிரியர் கிறிஸ்டஃபர் காஸ்டெல்லானி 2019-ல் 'லீடிங் மென்' என்ற நாவலில் மெர்லோவைக் கதைநாயகனாக்கினார். பிராவின்ஸ்டவுனில் 2006 முதல் வில்லியம்ஸ் பெயரில் நாடக விழா நடக்கிறது. 2004-ல் மசாசூசெட்ஸ் தன்பாலினத் திருமணங்களுக்கு அனுமதி கொடுத்த முதல் அமெரிக்க மாநிலமானது. கீ வெஸ்டில் இரண்டு மதுக்கூடப் பணியாளர்கள் தங்களுக்குத் திருமண உரிமம் தர மறுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டு, 2014-ல் ஜெயித்து, 2015 ஜனவரி 6 நள்ளிரவு தாண்டியதும் அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள்.

வில்லியம்ஸைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் 'ஸ்ட்ரீட்கார்' நாடகத்தில் தொடங்குவார்கள். நீங்கள் 'ரோஸ் டாட்டூ'வில் தொடங்குங்கள். படம் போதாது, நாடகத்தையும் புத்தகமாகவே தேடிப் பிடியுங்கள். சமர்ப்பணப் பக்கத்தைப் புரட்டிக் கடந்துவிட வேண்டாம்.